முன்பின் அறியாதவரோடு நீர்க்குகைக்குள்: துணை பற்றிய ஒரு கேள்வியும் அதன் விடைகளும்

வடபுளோரிடாவின் ஊற்றுக் குகைகளுக்கும் மெக்சிகோவில் யுகட்டான் காட்டுக்குள் கிடக்கும் செனோட்டேகள் என்ற நீர் நிறைந்த பள்ளங்களுக்கும் ஆண்டு முழுக்க வெளியூர் டைவர்கள் வந்தபடி இருக்கிறார்கள். ஒருவருக்கு விடுமுறை கிடைக்கிறது. வழக்கமாக அவரோடு இறங்கும் கூட்டாளிக்குக் கிடைப்பதில்லை. சிலிண்டர் நிரப்பும் கடையில் அதே நிலையில் இருக்கும் இன்னொருவர் அறிமுகமாகிறார். சான்றிதழ் அட்டை இருவரிடமும் இருக்கிறது. மறுநாள் காலை சேர்ந்து இறங்கலாமா என்ற பேச்சு வருகிறது.

இறங்கலாமா? குகை டைவிங் தோன்றிய நாளிலிருந்தே இந்தக் கேள்வி இருக்கிறது. அதற்குச் சொல்லப்பட்ட விடைகளோ ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. அறியாதவரோடு ஒருபோதும் வேண்டாம் என்பார் உண்டு. ஒரே முறையில் பயின்றிருந்தால் முன்னறிமுகம் எதற்கு என்பாரும் உண்டு. துணையே வேண்டாம் என்று முக்கால் நூற்றாண்டாகச் சொல்லிவரும் மரபும் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு விடைக்கும் பின்னால் ஒரு நிலப்பகுதியும் சில சாவுகளும் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் விடைகளை மட்டும் எடுத்துக்கொண்டு வாதிடுவதால்தான் இந்த விவாதம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். திறந்த கடலில் துணை என்பவர் பெரும்பாலும் ஒரு கூடுதல் பாதுகாப்பு. அவர் கண்ணில் படாமல் போனாலும் மேலே வந்துவிட வழியுண்டு. குகையில் மேலே பாறைதான் இருக்கிறது. உள்ளே போன வழியாகவே வெளியே வர வேண்டும். ரெகுலேட்டர் பழுதானால், சிலிண்டர் காலியானால், வாசல் வரைக்குமான மூச்சு கூட வந்தவரின் முதுகில்தான் இருக்கிறது. ஆகவே குகையில் துணையைத் தேர்ந்தெடுப்பது தன் மாற்றுச் சிலிண்டரைத் தேர்ந்தெடுப்பதுதான். அந்தச் சிலிண்டருக்குச் சொந்தப் பயங்களும் சொந்த ஆசைகளும் உண்டு என்பதே சிக்கல்.

1946: ஒரே ஆண்டில் இரண்டு தொடக்கங்கள்

இங்கிலாந்தில் கிரஹாம் பால்கம் 1946-இல் குகை டைவிங் குழுவைத் தொடங்கினார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1935-இல், சாமர்செட்டின் வூக்கி ஹோல் குகையில் கனத்த தலைக்கவசமும் காற்றுக்குழாயும் கொண்ட பழைய டைவிங் உடையில் அவரும் தோழர்களும் நடந்தே உள்ளே போயிருந்தார்கள். அவர்கள் முதலில் குகையர்கள், பிறகுதான் டைவர்கள். வறண்ட குகையின் நடுவே நீர் தேங்கி அடைத்துக்கொண்ட குறுகிய வளைவைக் கடந்து அப்பால் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே அவர்கள் நோக்கம். அங்கே தண்ணீர் குளிர்ந்தது, கலங்கியது. வழியோ ஓர் ஆள் நுழைவதற்கே நெருக்கடியானது. இரண்டாவது ஆள் வந்தால் சேறு இரண்டு மடங்கு கிளம்பும். முன்னால் போனவர் திரும்பும்போது பின்னால் இருப்பவரே வழியடைப்பு.

இந்த நிலத்திலிருந்துதான் 'தனியாகப் போவதே முறை' என்ற பிரிட்டிஷ் விடை பிறந்தது. ஒன்றோடொன்று இணையாத இரண்டு சிலிண்டர்கள், தனித்தனி ரெகுலேட்டர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட விளக்குகள்: துணை செய்ய வேண்டியதைத் தன் உடம்பிலேயே கட்டிக்கொண்டு போவது. இருவர் ஒரே நாளில் ஒரே குகைக்குப் போகலாம். ஆனால் நீருக்குள் ஒருவர் மற்றவரை நம்பியிருப்பதில்லை. இந்த மரபில் வளர்ந்தவருக்கு 'அறியாத துணை' என்பது பெரிய கேள்வியே இல்லை. கூட வருபவர் நல்லவரா என்பதைவிட, அவர் வழிக் கயிற்றை அறுத்துவிடாமல் இருப்பாரா என்பதே அவருடைய கவலை.

அதே 1946-இன் ஆகஸ்டில் தெற்கு பிரான்சின் வோக்லூஸ் ஊற்றில் ழாக் கூஸ்தோவும் பிரெடெரிக் துமாவும் இறங்கினார்கள். நெருங்கிய நண்பர்கள், ஒரே கயிற்றில் ஒருவரையொருவர் பிணைத்துக்கொண்டு போனார்கள். ஐம்பது மீட்டரைக்கூடத் தொடுவதற்குள் இருவருக்கும் ஒரே நேரத்தில் புத்தி மழுங்கியது. துமா ஏறக்குறைய நினைவிழந்தார். கூஸ்தோ அவரை இழுத்துக்கொண்டு தப்பினார். காரணம் பிறகு தெரிந்தது: சிலிண்டர்களை நிரப்பிய கம்ப்ரசர் தன் எஞ்சின் புகையையே உள்ளிழுத்துக் காற்றில் கார்பன் மோனாக்சைடைக் கலந்திருந்தது.

இந்த நிகழ்ச்சியைச் சாகசக் கதையாகவே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். துணை பற்றிய விவாதத்தில் அதற்குரிய இடம் வேறு. இருவரின் காற்றும் ஒரே இடத்தில் நிரப்பப்பட்டிருந்தால், நெருங்கிய நண்பராக இருந்தாலும் அந்தப் பழுதுக்கு அவர் மாற்று ஆகமாட்டார். ஒருவருக்கு வந்தது மற்றவருக்கும் வரும். எவ்வளவு அறிமுகம் என்பதோடு எவ்வளவு சுயேச்சை என்பதையும் கேட்க வேண்டும் என்று வோக்லூஸ் காட்டியது. அந்தக் கேள்வி அப்போது எழவில்லை.

புளோரிடா: விதிகளின் பிறப்பு

1960-களிலும் 70-களிலும் புளோரிடாவின் குகைகளில் சாவுகள் குவிந்தன. நீர் கண்ணாடிபோல் தெளிவு, சாலையோரத்தில் வாசல், கடல் டைவிங் தெரிந்தவர்கள் ஒற்றை டார்ச்சோடு உள்ளே போனார்கள். 1968-இல் தேசியக் குகை டைவிங் சங்கமும், 1973-இல் அமெரிக்கக் குகையியல் கழகத்தின் குகை டைவிங் பிரிவும் உருவாயின. அதே 1973-இல் தென் ஆஸ்திரேலியாவின் மவுண்ட் காம்பியர் அருகே 'தி ஷாஃப்ட்' என்ற குழியில் நான்கு பேர் இறந்தபின் ஆஸ்திரேலியர்களும் தங்கள் சங்கத்தை அமைத்தார்கள். அமைப்புகளை மரணங்கள்தான் கட்டின என்றால் மிகையில்லை.

இந்தக் காலத்தின் மூளை ஷெக் எக்ஸ்லி. 1979-இல் அவர் எழுதிய சிறு கையேடு, நடந்த விபத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து விதிகளை வகுத்தது. வாசல் வரை அறுபடாத வழிக் கயிறு, காற்றில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு அவசரத்துக்கு, ஆழத்துக்கு வரம்பு. பயிற்சியும் மூன்று விளக்குகளும் இவற்றோடு சேர்ந்து ஐந்து விதிகளாகின. இன்றும் உலகெங்கும் கற்பிக்கப்படுபவை இவையே.

இந்த ஐந்தில் 'துணை' என்று ஒரு விதி இல்லை. ஆனாலும் மூன்றாவது பங்குக் காற்று யாருக்காக என்று கேட்டால் துணை உள்ளே வந்துவிடுகிறார். அந்தப் பங்கு என்னுடையது மட்டுமன்று, கூட வருபவருக்கான முன்பணமும் அதுதான். அதாவது புளோரிடா விடையில் துணை ஆளாக நுழைவதில்லை, எண்ணாக நுழைகிறார். இதன் பலம் பெரிது: விதியைக் கடைப்பிடிக்கும் எவரோடும், முன்பின் அறியாதவரோடும், இறங்கலாம். பலவீனமும் இங்கேயே இருக்கிறது. அந்த எண் சரிதானா என்பது ஆளைப் பொறுத்தது.

எக்ஸ்லியின் சொந்த வாழ்க்கை இந்த விடையை இன்னும் சிக்கலாக்குகிறது. மெக்சிகோவின் மான்டே ஊற்றில் 1989-இல் 264 மீட்டர் வரை அவர் போனது தனியாக. அந்த ஆழத்தில் கூட வந்து உதவக்கூடியவர் எவரும் இல்லை என்பதே காரணம். 1994 ஏப்ரலில் சகாதோன் குழியில் அவர் இறந்தபோது சக டைவர் ஜிம் பவுடன் அதே நேரத்தில் அருகே இன்னொரு கயிற்றில் இறங்கியிருந்தார். ஒருவருக்கு நேர்ந்தது மற்றவருக்கு அந்த நேரத்தில் தெரியவில்லை. விதிகளை வகுத்தவரே அந்த விதிகள் எட்டாத இடங்களுக்குத் துணையின்றிப் போனார். இதை முரண் என்று சொல்லிவிடுவது எளிது. துணை பற்றிய எந்த விடையும் ஓர் ஆழ எல்லைக்குள் மட்டுமே செல்லும் என்று வாசிப்பதே பொருத்தமாக எனக்குப் படுகிறது.

'மூன்றில் ஒன்று' எங்கே பிசகுகிறது

அறியாத துணையோடு இறங்கும்போது மிகவும் தவறிப்போகக்கூடிய கணக்கு இதுதான். ஆகவே சற்று நிதானமாகப் பார்க்கலாம். ஒருவர் இரட்டை 12 லிட்டர் சிலிண்டர் போட்டிருக்கிறார். மொத்தம் 24 லிட்டர். மற்றவரிடம் இரட்டை 18. மொத்தம் 36 லிட்டர். இரண்டிலும் அழுத்தம் 210 பார். மூன்றில் ஒன்று என்றால் இருவருக்கும் 70 பார். "140-இல் திரும்புவோம்" என்று பேசி முடிக்கிறார்கள். காதுக்கு நேர்மையாகத்தான் இருக்கிறது.

ஆனால் சிறிய சிலிண்டர்காரரின் 70 பார் என்பது 1,680 லிட்டர் காற்று. பெரியவருடையது 2,520 லிட்டர். பெரிய சிலிண்டர் வேண்டும் என்பவர் பெரும்பாலும் அதிகம் மூச்சிழுப்பவராகவே இருப்பார். கடைக்கோடியில் பெரியவரின் காற்று முழுக்கப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். வெளியே வர அவருக்கு 2,520, சிறியவருக்கு 1,680. ஆக 4,200 லிட்டர் தேவை. சிறியவர் முதுகில் மிஞ்சியிருப்பதோ 3,360. வாசலுக்கு முன்பே 840 லிட்டர் குறைகிறது. ஆகவே பெரியவர் 1,680 லிட்டர் செலவானதும், அதாவது அவருடைய மானியில் சுமார் 165 பார் காட்டும்போதே, திரும்பியாக வேண்டும். பயத்தில் மூச்சு ஏறும் என்பதை இன்னும் சேர்க்கவில்லை.

பயிற்சி பெற்ற எவருக்கும் இந்தக் கணக்கு தெரியும். பழகிய துணையோடு அது ஏற்கெனவே போட்டு முடிக்கப்பட்டிருக்கிறது. புதியவரோடு அதைக் கரையில் நின்று உரக்கப் போட வேண்டும்; 'உங்களுக்கு மூச்சு அதிகமா?' என்று கேட்க வேண்டும். கேட்கக் கூச்சம். பதில் சொல்பவருக்கும் கொஞ்சம் குறைத்துச் சொல்லும் ஆசை. அறியாத துணையின் ஆபத்து அவருடைய திறமைக் குறைவில் இருப்பதைவிட இந்த மரியாதையில்தான் அதிகம் இருக்கிறது என்று கருத இடமுண்டு.

தொடுகைச் சைகைகளிலும் இதுவே நிலை. வண்டல் கிளம்பிக் கண் தெரியாமல் போனால், ஒரு கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் கயிற்றைச் சுற்றி வளையமாகும். மறுகை முன்னால் இருப்பவரின் புயத்தையோ காலையோ பற்றும். முன்னால் தள்ளினால் போ, அழுத்தினால் நில், பின்னால் இழுத்தால் பின்வாங்கு என்று பரவலாகக் கற்பிக்கப்படுகிறது. ஆனால் நுணுக்கங்கள் பள்ளிக்குப் பள்ளி மாறும். இருட்டுக்குள் அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க நேரம் இருக்காது. வட்டாரப் பழக்கங்களும் இப்படித்தான். கிளைவழிக்குத் தாவும்போது இணைப்புக் கயிறு கட்டுவது, அம்புக்குறி வைப்பது, திசை காட்டாத வட்டக் குறியைத் தன் அடையாளமாக விடுவது எல்லாவற்றிலும் ஊருக்கு ஊர் வழக்கு வேறு. புளோரிடாவில் பயின்றவருக்கு முதுகுச் சிலிண்டரும் இரண்டு மீட்டர் நீள ஹோஸும் இயல்பு. பிரிட்டனில் பயின்றவருக்குப் பக்கவாட்டுச் சிலிண்டர் இயல்பு. முன்னவர் தன் வாயில் இருப்பதை எடுத்துக் கொடுப்பார். பின்னவருக்கு அப்படிக் கொடுக்கும் வழக்கமே இல்லாதிருக்கலாம்.

ஒரே அச்சில் வார்த்த குழு

இந்த வேறுபாடுகள் எல்லாவற்றையும் அடியோடு ஒழித்துவிடுவது என்பது மூன்றாவது விடை. புளோரிடாவின் வகுல்லா ஊற்றையும் அதைச் சுற்றிய குகைகளையும் ஆராய 1980-களின் நடுவில் தொடங்கிய உட்வில் கார்ஸ்ட் திட்டம் அதன் உலைக்களம். பில் மெய்ன் பழக்கப்படுத்திய எளிய உபகரண அமைப்பு அங்கே எல்லோருக்கும் பொதுவானது. கிளிப் எங்கே, கத்தி எங்கே, மாற்று விளக்கு எங்கே, எந்த ஹோஸ் எந்த வால்வில் என்பதெல்லாம் ஒன்றே. 90-களில் அத்திட்டத்தை நடத்திய ஜார்ஜ் இர்வைன் இதை ஒரு போர்க்குணமுள்ள கொள்கையாகவே ஆக்கினார். ஒழுங்கற்றவரோடு இறங்காதே என்பது அவருடைய முதல் விதி. அந்த ஒழுங்கற்றவர்களுக்கு அவர் வைத்த பட்டப்பெயர் மரியாதையானதன்று. 1998-இல் ஜேரட் ஜப்லான்ஸ்கி தொடங்கிய பயிற்சி நிறுவனம் அதே கொள்கையைச் சற்றுப் பணிவான மொழியில் உலகுக்குக் கொண்டுபோனது.

இந்த விடை அறியாதவரைத் தடுக்கிறது என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது செய்வது நேர்மாறானது. அதே அச்சில் வார்க்கப்பட்ட அந்நியரோடு முதல் நாளே இறங்கலாம் என்பதே அதன் வாக்குறுதி. பின்லாந்தில் பயின்றவரும் மெக்சிகோவில் பயின்றவரும் இருட்டில் கையை நீட்டினால் அதே இடத்தில் அதே பொருள் இருக்கும். பழக்கத்தின் வேலையை நடைமுறை செய்துவிடுகிறது.

பலவீனங்கள் இரண்டு தெரிகின்றன. ஒன்று, நடைமுறை கையைச் சீராக்கும்; முடிவெடுக்கும் மனத்தை அவ்வளவு எளிதில் சீராக்காது. 'போதும், திரும்பலாம்' என்று பெருவிரலை உயர்த்த எவருக்கும் எப்போதும் உரிமை உண்டு, காரணம் கேட்கக் கூடாது என்பது குகை டைவிங்கில் அநேகமாக எல்லாப் பள்ளிகளும் ஏற்ற விதி. ஆயிரக்கணக்கில் செலவழித்து வந்த, தன்னைவிட மூத்த அந்நியருக்கு முன்னால் அந்த விரல் எழுமா என்பதை உபகரண ஒற்றுமை தீர்மானிப்பதில்லை. இரண்டு, ஒரே அமைப்பு என்றால் ஒரே குறையும் எல்லோரிடமும் இருக்கும். வோக்லூஸின் பாடம் இங்கே மறுபடி எட்டிப் பார்க்கிறது.

பழக்கம் காப்பாற்றுமா?

விமானத் துறை இந்தக் கேள்வியை நம்மைவிட ஒழுங்காக ஆராய்ந்திருக்கிறது. பெரிய நிறுவனங்களில் ஒரே விமானி அறையில் முன்பின் அறியாத இருவர் அமர்வது அன்றாடம். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1978 முதல் 1990 வரையிலான 37 பெரிய விபத்துகளை ஆராய்ந்து 1994-இல் வெளியிட்ட அறிக்கையில், தகவல் கிடைத்த 15 விபத்துகளில் 11 அந்தக் குழு சேர்ந்து பறந்த முதல் நாளில் நடந்தவை. 16-இல் 7 முதல் பயணத்திலேயே. அதற்கு முன் 1980-களில் நாசா நடத்திய ஓர் ஆய்வில், சேர்ந்து பறந்து களைத்த குழு, ஓய்வெடுத்து வந்த புதிய குழுவைவிடக் குறைவான பிழைகள் செய்தது.

பழக்கத்தின் பக்கம் இதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது. இருந்தாலும் அப்படியே குகைக்கு மாற்றிவிட முடியாது. எண்ணிக்கை சிறியது. விமானி அறையில் இருவரும் பேசலாம், நீருக்குள் பேச்சில்லை. அதோடு, அங்கே நடைமுறைகள் சட்டத்தால் கட்டப்பட்டவை. அவ்வளவு கட்டுப்பாட்டுக்குப் பிறகும் முதல் நாள் இத்தனை வழுக்கலாக இருக்கிறதென்றால், 'அதே அச்சு' என்ற வாக்குறுதியைக் கொஞ்சம் தள்ளி நின்றே பார்க்க வேண்டியிருக்கிறது.

பழக்கம் என்ன தரும் என்பதற்கு மயோர்கா தீவில் 2017 ஏப்ரலில் நடந்தது நல்ல உதாரணம். சா பிகேட்டா குகையில் ஷிஸ்கோ கிராசியாவும் கியேம் மஸ்கரோவும் திரும்பும் வழிக் கயிற்றை இழந்தார்கள், தெளிவும் போனது. ஒரு காற்றறைக்குள் ஏறினார்கள். மிஞ்சிய காற்று ஒருவர் வெளியேறவே போதும். மஸ்கரோ போக வேண்டும் என்று முடிவெடுத்தார்கள்: அவர் மெலிந்தவர், குறைவாக மூச்சிழுப்பவர், கார்பன் டை ஆக்சைடு மிகுந்த குகைக் காற்றைச் சுவாசித்த அனுபவம் கிராசியாவுக்கே அதிகம். ஏறக்குறைய 60 மணி நேரத்துக்குப் பிறகு கிராசியா மீட்கப்பட்டார். ஒருவரின் மூச்சு மற்றவருக்குத் தெரிந்திருந்ததால் வந்த முடிவு அது. அன்று காலை கடையில் அறிமுகமான இருவரால் இதைச் செய்திருக்க முடியுமா என்பது ஐயமே.

'மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும்' என்கிறோம். நீலகிரியில் பாறைச் சரிவில் தொங்கித் தேன் எடுக்கும் பழங்குடியினரிடையே, மேலே கயிறு பிடிப்பவர் மனைவியின் சகோதரனாக இருப்பது வழக்கம் என்று சொல்லப்படுகிறது. தன் அக்காளோ தங்கையோ தாலியறுப்பதை அவன் விரும்பமாட்டான் என்பதே விளக்கம். துணையின் திறமையைவிட, நான் பிழைப்பதில் அவனுக்கு என்ன பங்கு என்று கேட்கும் தேர்வு முறை அது. குகைப் பள்ளிகள் எதுவும் இந்தக் கோணத்தைப் பாடமாக வைக்கவில்லை. ஆனால் பழகிய துணையை விரும்புவோரின் மனத்தில் இருப்பது பெரும்பாலும் இதுவாகவே இருக்கலாம்.

இதே பங்குதான் மறுபக்கமும் வெட்டும். நார்வேயின் புளூரா குகையில் 2014 பிப்ரவரியில் பின்லாந்துக்காரர் ஐவர், ஒரு வாசலில் இறங்கி மறு வாசலில் ஏறும் நீண்ட கடப்பில் இருந்தார்கள். தேர்ந்தவர்கள், ஒருவரையொருவர் நன்கறிந்தவர்கள். நூறு மீட்டருக்கும் கீழே ஒருவர் சிக்கிக்கொண்டார், இறந்தார். அவருக்குப் பின்னால் வந்த இன்னொருவரும் இறந்தார். உடல்களை எடுக்கும் முயற்சியைச் சர்வதேசக் குழு ஆபத்து மிகுதி என்று கைவிட்ட பிறகு, அடுத்த மாதமே தப்பிய நண்பர்கள் அனுமதியின்றித் திரும்பி வந்து எடுத்தார்கள். அந்த ஆழத்தில் நட்பால் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். பிறகு அதுவே அவர்களை மீண்டும் உள்ளே இழுத்தது.

பழக்கத்தின் இன்னொரு கேடு மெதுவானது. பனிச்சரிவுகளை ஆராய்ந்த இயன் மெக்காமன், 1972 முதல் 2003 வரை அமெரிக்காவில் நடந்த 715 விபத்துகளைப் பிரித்து, பழகிய இடம் என்ற உணர்வே ஒரு பொறி என்று காட்டினார். சேலஞ்சர் விண்கல விபத்தை ஆராய்ந்த சமூகவியலாளர் டயேன் வான், சிறு விதிமீறல்கள் விளைவின்றிக் கடந்துபோகும்போது அவையே இயல்பாகிவிடுவதை விளக்கினார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பழகிய ஜோடிக்குப் பொருந்திப்போகிறது. முதல் ஐம்பது டைவ்களில் ஒவ்வொரு முறையும் குமிழ் கசிகிறதா என்று ஒருவர் மற்றவரின் வால்வைப் பார்த்தார்கள், பிறகு பார்ப்பதில்லை. புதியவரோடு இறங்கும்போது அந்தப் பார்வை தானாகத் திரும்புகிறது. அந்நியர் தரும் ஒரே நன்மை என்று இதைச் சொல்லலாம், சிறிய நன்மையும் அன்று.

தாம் லுவாங்: கலப்பு விடை

தாய்லாந்தில் 2018 ஜூலையில் பன்னிரண்டு சிறுவர்களையும் அவர்களின் பயிற்சியாளரையும் மீட்ட நிகழ்ச்சி, அந்நியர்கள் ஒன்றுகூடிச் செய்த அதிசயம் என்று பேசப்படுகிறது. உள்ளே எட்டிப் பார்த்தால் அவ்வளவு நேராக இல்லை. சிறுவர்களைக் கண்டுபிடித்த ரிக் ஸ்டான்டனும் ஜான் வொலாந்தனும் நெடுநாள் கூட்டாளிகள். கூடுதல் ஆள் வேண்டியபோது அவர்கள் கேட்டது பெயர் சொல்லி: பிரிட்டனிலிருந்து தங்கள் மரபினரை, ஆஸ்திரேலியாவிலிருந்து மயக்க மருத்துவரும் குகை டைவருமான ரிச்சர்ட் ஹாரிஸை. உதவிப் பணிகளில், இடைப்பட்ட அறைகளில், பல நாட்டிலிருந்து வந்தவர்கள் நின்றார்கள். அதாவது, தவறினால் சாவு நிச்சயம் என்ற இடத்துக்கு அறிமுகமும், மற்ற இடங்களுக்குத் தகுதியும் அளவுகோலாயின.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மயக்கமடைந்த சிறுவனோடு ஒரு டைவர் என்ற முறையில்தான் வெளியே கொண்டுவந்தார்கள். கலங்கிய நீரில் அந்த மீட்பர் உண்மையில் தனியாளே. பால்கம் காலத்துப் பிரிட்டிஷ் விடை, தான் பிறந்ததைப் போன்ற ஒரு நீரில் அங்கே வேலை செய்தது. அதை வைத்துத் தெளிந்த புளோரிடாக் குகையிலும் தனிமையே மேல் என்று வாதிடுவது, நிலத்தை மறந்த வாதம்.

சான்றுகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை

அமெரிக்கக் குகை டைவிங் மரணங்கள் பற்றி 2016-இல் வெளியான ஆய்வு, 1985 முதல் 2015 வரை இறந்த 161 பேரை எடுத்துக்கொண்டது. அவர்களில் 67 பேர் குகைப் பயிற்சி பெற்றவர்கள், 87 பேர் பெறாதவர்கள். ஆண்டுச் சராசரி எட்டிலிருந்து மூன்றுக்கும் கீழே இறங்கியிருக்கிறது. இறந்தவர்களில் பயிற்சி பெற்றவர்களின் விகிதமோ இரட்டிப்பாகியிருக்கிறது. காற்றுத் தீர்ந்துபோவதே பெரிய காரணம். பெரும்பாலும் கண் தெரியாமல் வழி தவறியதன் தொடர்ச்சி.

இதிலிருந்து விதிகள் வேலை செய்கின்றன என்று தயங்காமல் சொல்லலாம். அறியாத துணை ஆபத்தானவரா என்பதை மட்டும் சொல்ல முடியாது. ஆய்வின் முக்கிய முடிவுகளில் அந்தக் கேள்வி இல்லை. இருந்திருந்தாலும், சேதமின்றி முடிந்த டைவ்களில் எத்தனை அந்நியரோடு நடந்தவை என்ற எண்ணிக்கை இல்லாமல் அதற்கு விடை காண முடியாது. ஆகவே இதுவரை பார்த்த எல்லா விடைகளும் அனுபவத்திலும் ஊகத்திலும் நிற்பவை, என்னுடைய மதிப்பீடும் அதில் சேர்த்தி.

அந்த மதிப்பீடு இது. அறியாதவரோடு இறங்குவதை முழுக்க மறுப்பதற்குச் சான்று போதாது. மறுத்தால் புதியவர் எவரும் பழகிய துணையைப் பெறவே வழியிருக்காது; எல்லாக் கூட்டாளியும் ஒருநாள் அந்நியர்தானே. ஆனால் முதல் டைவை இடத்தைப் பார்ப்பதற்கு ஒதுக்கக் கூடாது, ஆளைப் பார்ப்பதற்கு ஒதுக்க வேண்டும். இருவரும் முன்பே போயிருக்கும் குகை, பிரதான வழிக் கயிறு மட்டும், கிளை தாவுதல் கிடையாது, மூன்றில் ஒன்றுக்கும் குறைவான காற்று. வாசலருகே வெளிச்சத்தில் ஹோஸ் பரிமாறிப் பார்ப்பதையும், கண்ணை மூடிக்கொண்டு தொடுகைச் சைகையில் சில மீட்டர் வருவதையும் சிறுபிள்ளைத்தனமாக நினைக்கிறவர் துணையாக வேண்டாம். சான்றிதழ் அட்டையைவிட அந்த முகச்சுளிப்பு அதிகம் சொல்லும்.

வெளிவிட்ட மூச்சையே சுத்திகரித்து மீண்டும் சுவாசிக்கத் தரும் ரீப்ரீதர் கருவி பரவியபின் கேள்வி மேலும் புதிதாகிறது. சொந்த அவசரச் சிலிண்டர்களோடு போகிறவர் துணையின் காற்றை எதிர்பார்ப்பதில்லை. ஆனால் ஆக்சிஜன் குறைந்து நினைவு மங்குவது தனக்கே தெரியாது என்பதால் துணையின் கண்ணை முன்னைவிட அதிகம் எதிர்பார்க்கிறார். அவசரச் சிலிண்டர்களை ஆளாளுக்குச் சுமப்பதா, குழுவாகப் பகிர்வதா என்பதில் கருத்து ஒருமிக்கவில்லை. பகிர்வது என்றால் அறியாதவர் பற்றிய பழைய கேள்வி முழு வீரியத்தோடு திரும்பிவிடுகிறது.

பயிற்சி நிறுவனங்களும் மீட்புக் குழுக்களும் இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விபத்து அறிக்கைகளில் சிலிண்டர் அழுத்தம், ஆழம், கயிறு, விளக்கு எல்லாம் பதிவாகின்றன. அவற்றோடு ஒரு கேள்வியையும் சேர்க்கட்டும்: இந்த இருவரும் இதற்கு முன் எத்தனை முறை சேர்ந்து இறங்கியிருக்கிறார்கள்? விபத்தில்லாமல் முடிந்த டைவ்களின் குறிப்பேடுகளிலும் அதே கேள்வி இருக்கட்டும். ஒப்பிட எண்கள் கிடைத்தால்தான் அடுத்து எழுதுபவர் ஊகத்தை விட்டு வெளியே வர முடியும்.